வாடாமல்லி நிறம் தாளில் ஏன் வருவதில்லை? வீட்டில் போட்டோ அச்சிடுவோருக்கான கலர் புரொஃபைல் வழிகாட்டி

அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களை "நானே வீட்டில் பிரின்ட் போட்டுத் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆறு நிற மை டேங்க் பிரின்டர் வாங்கிய புதிது. முதல் பத்துத் தாளிலும் எல்லார் முகத்திலும் ரோஸ் பவுடர் அப்பியிருந்தது. பெண்ணின் மாம்பழ நிறப் பட்டு செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. ஹெட் கிளீனிங்கை நான்கு முறை ஓட்டினேன். மை குறைந்ததுதான் மிச்சம். வேறு தாள் வாங்கிப் பார்த்தேன். அதிலும் ரோஸ்.

கோளாறு மையிலும் இல்லை, தாளிலும் இல்லை. படம் திருத்தும் மென்பொருள் நிறத்தைப் பிரின்டருக்கு ஏற்றபடி ஒருமுறை மாற்றியிருந்தது. அது தெரியாமல் பிரின்டர் டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரின்டரை இயக்கும் மென்பொருள், இன்னொரு முறை மாற்றியிருந்தது. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு தடவை உப்புப் போட்ட குழம்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மெனுவிலும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று டிக் அடித்து வைத்தவன் நான்தான்.

இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த உப்பு ஒரே ஒரு முறை விழுவதற்கான ஏற்பாடுதான்.

புரொஃபைல் என்ன செய்கிறது

போட்டோ ஃபைலுக்குள் இருப்பவை எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், வழக்கமாக 0 முதல் 255 வரை. சரி, சிவப்பு 200 என்றால் எவ்வளவு சிவப்பு? அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறு; இரண்டு படி அரிசி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் இதுவும். உங்கள் லேப்டாப்பின் 200 ஒரு சிவப்பு, என் மானிட்டரின் 200 வேறு சிவப்பு, பிரின்டரின் 200 மூன்றாவது சிவப்பு. எந்தப் படியால் அளந்தது என்று எழுதி வைத்த சின்ன ஃபைல்தான் புரொஃபைல்.

1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 8 நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ஷியம்) என்ற அமைப்பைத் தொடங்கின. ஐசிசி புரொஃபைல் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஃபைல் பெயரின் வாலில் ஐசிசி என்றோ ஐசிஎம் என்றோ இருக்கும், இரண்டும் ஒன்றுதான். படத்தின் எண்களைக் கணினி முதலில் லிட்டர் மாதிரி ஒரு பொது அளவுக்குக் கொண்டுவரும். பிறகு அங்கிருந்து பிரின்டரின் படிக்கு மாற்றும்.

நமக்கு வேண்டியவை மூன்று புரொஃபைல்கள்: படத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவரை பாதி பிரச்சினை வராது. திரையின் புரொஃபைலை அச்சுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு "பிரின்டர் சரியில்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்

புதிதாக அச்சிடுபவர்களின் முதல் புகார் நிறம் பற்றியது அல்ல. "படம் இருட்டாக வந்திருக்கிறது" என்பதுதான். பெரும்பாலும் படம் இருட்டாக இருக்காது, திரைதான் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கும். திரை தானே ஒளிவிடுகிறது. தாள் மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதோடு சரி. அச்சுக்காகப் படம் திருத்தும் திரைக்கு 80 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை வெளிச்சம் போதும். கடையிலிருந்து வரும் லேப்டாப்பும் மானிட்டரும் முழு வெளிச்சத்தில் 250 நிட், அதற்கு மேலும்கூட எரியும். அதில் பார்த்து முகம் சரியாக இருக்கிறது என்று விட்டால், தாளில் முகம் கறுத்துத்தான் வரும்.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்திலேயே நீங்கள் அச்சிடப்போகும் போட்டோ தாளைப் பிடியுங்கள். அறையில் வழக்கமான வெளிச்சம் இருக்கட்டும். இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

அதோடு, திரையின் நிறத்தை மாற்றும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள்: விண்டோஸின் நைட் லைட், மேக்கின் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன், மானிட்டரின் சொந்த மெனுவில் இருக்கும் "விவிட்", "கேம்" போன்றவை. மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி (படங்களுக்கான பொதுவான நிறப் படி, கீழே வருகிறது) என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள்.

கேலிபரேஷன் கருவி வாங்க வேண்டுமா? டேட்டாகலர் ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற கருவிகளைத் திரையில் தொங்கவிட்டால், அவை நிறங்களை அளந்து திரைக்கான புரொஃபைலைத் தாமே எழுதிவிடும். அரைமணி நேரம் திரை ஓடிய பிறகு அளக்க வேண்டும். வெள்ளைக்கு 6500 கெல்வின் (டி65), காமா (நடுத்தர வெளிச்சங்கள் எவ்வளவு இருட்டாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) 2.2, வெளிச்சம் 100 நிட் என்று கொடுத்துத் தொடங்கலாம். மாதம் ஒருமுறைதான் தேவைப்படும், அதனால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ஆனால் விலை குறைந்த லேப்டாப் வைத்திருந்தால் அவசரப்படாதீர்கள். அந்த வகைத் திரைகள் பலவற்றின் விவரக்குறிப்பில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருக்கும் (என்டிஎஸ்சி பழைய தொலைக்காட்சி நிற அளவு). எஸ்ஆர்ஜிபி நிறங்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவற்றால் காட்ட முடியாது என்று பொருள். காட்டவே முடியாத நிறத்தைக் கேலிபரேஷனால் வரவழைக்க முடியாது.

படத்தில் என்ன புரொஃபைல் இருக்கிறது

சந்தேகம் இருந்தால் எஸ்ஆர்ஜிபி. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் உருவாக்கியது. கேமராவின் ஜேபெக் படங்கள் இயல்பாக இதில்தான் வரும். 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற, இன்னும் அதிக நிறங்கள் அடங்கும் படியில் பதிவாகின்றன. கேமரா மெனுவில் அடோபி ஆர்ஜிபி என்றும் ஒன்று இருக்கும், 1998-ல் வந்தது. பச்சையும் நீலப்பச்சையும் அதில் கூடுதலாக அடங்கும். ஆறு நிறப் பிரின்டர்கள் நல்ல பளபளப்புத் தாளில் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய சில நிறங்களை உண்மையிலேயே அச்சிடும் என்பதால் அடோபி ஆர்ஜிபி வீண் இல்லை. ஆனால் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஃபோட்டோஷாப்பில் "அசைன் புரொஃபைல்", "கன்வர்ட் டு புரொஃபைல்" என்று அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள் இருக்கும். அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், படியின் பெயர் மட்டும் மாறும். அதனால் நிறம் மாறிவிடும். கன்வர்ட் செய்தால் எண்கள் மாறும், நிறம் கூடியவரை அப்படியே நிற்கும். உங்களுக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட எப்போதும் கன்வர்ட்தான்.

இன்னொன்று. அச்சு என்றால் சிஎம்ஒய்கே (நீலப்பச்சை, ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் எண்கள்) என்று எங்கோ கேள்விப்பட்டு, படத்தை அதற்கு மாற்றிவிட்டு அச்சிடாதீர்கள். அது ஆஃப்செட் அச்சகத்துக்கு. வீட்டு இங்க்ஜெட்டுக்குள் ஆறு மை இருந்தாலும் அதன் டிரைவர் கேட்பது ஆர்ஜிபி எண்களை, அதாவது முதலில் சொன்ன சிவப்பு, பச்சை, நீல எண்களை. மைகளாகப் பிரிக்கும் வேலையை அது தானே செய்துகொள்ளும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிடுவதாக இருந்தால், அனுப்பியவரிடம் டாக்குமென்ட்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும்.

தாள், மை, புரொஃபைல்

அச்சுக்கான புரொஃபைல் பிரின்டருக்கு மட்டும் உரியது அல்ல. இன்ன பிரின்டர், இன்ன மை, இன்ன தாள், இன்ன மீடியா டைப் (டிரைவரில் தேர்ந்தெடுக்கும் தாள் வகை) என்ற சேர்க்கைக்கு உரியது. இதில் ஒன்று மாறினாலும் புரொஃபைல் பொருந்தாது.

பிரின்டர் நிறுவனத்தின் டிரைவரை முழுமையாக நிறுவினால், அதே நிறுவனத்தின் தாள்களுக்கான புரொஃபைல்களும் பல மாடல்களில் கூடவே வந்துவிடும். ஹானெமியூலே, கேன்சன், இல்ஃபோர்ட் போன்ற தாள் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் பிரின்டர் மாடல் வாரியாகப் புரொஃபைல்களை இலவசமாகத் தருகின்றன. உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாள் வாங்குங்கள். அத்தளங்களில் புரொஃபைலோடு ஒரு குறிப்பும் இருக்கும்: டிரைவரில் எந்த மீடியா டைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. பலர் அதைப் படிப்பதில்லை. தாளில் எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதை மீடியா டைப்தான் முடிவு செய்கிறது. அது தவறினால் மிகச் சரியான புரொஃபைலும் பயனில்லை.

நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் பெயரே கேள்விப்படாத 180, 230, 270 ஜிஎஸ்எம் பாக்கெட்டுகள்தான் அதிகம். ஜிஎஸ்எம் தாளின் எடையைச் சொல்லும், நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இத்தகைய தாளுக்குப் புரொஃபைல் கிடையாது. பளபளப்புத் தாளானால் பிரின்டர் நிறுவனத்தின் கிளாஸி வகை, மேட் தாளானால் மேட் வகை என்று நெருக்கமான மீடியா டைப்பைப் போட்டு சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். ஒரு தாள் ஒத்துவந்தால் அதே தாளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மையும் அப்படித்தான். பாட்டிலில் மாற்று மை ஊற்றியவுடன் பிரின்டர் நிறுவனம் கொடுத்த புரொஃபைல்களுக்கு அர்த்தம் போய்விடுகிறது. மாற்று மையே கூடாது என்று சொல்ல மாட்டேன், விலை வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் மாற்று மையும் பெயரில்லாத் தாளும் சேர்ந்த பிறகு நிறம் பொருந்தவில்லை என்று யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது. புதியவர்கள் முதல் மாதமாவது ஒரிஜினல் மை, அதே நிறுவனத்தின் ஒரு தாள் என்று தொடங்குங்கள். நிறம் சரியாக வரும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு சிக்கனம் செய்யும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியும்.

இறக்கிய புரொஃபைலை நிறுவுவது எளிது. விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் "இன்ஸ்டால் புரொஃபைல்" என்று வரும். மேக்கில் லைப்ரரிக்குள் இருக்கும் கலர்சின்க், அதற்குள் புரொஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். படம் திருத்தும் மென்பொருளை மூடித் திறந்தால்தான் பட்டியலில் புதிய பெயர் தெரியும்.

அச்சிடும் இடம்: ஒரே சமையல்காரர்

இங்கேதான் நான் சறுக்கினேன். இரண்டு வழிகள் உண்டு, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

புரொஃபைல் கையில் இருந்தால், மென்பொருளிடம் பொறுப்பை விடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பிரின்ட் பெட்டியில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் "ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" என்று வைத்து, அடியில் தாளின் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் பிரின்ட் பகுதியின் வலப்பக்கக் கடைசியில், "மேனேஜ்டு பை பிரின்டர்" என்று இருப்பதை மாற்றி அந்தப் புரொஃபைலை வையுங்கள். அடுத்து பிரின்டர் டிரைவரைத் திறந்து அதன் நிறத் திருத்தத்தை முழுவதும் அணைக்க வேண்டும். எப்சனில் கலர் கரெக்ஷனை "கஸ்டம்" ஆக்கி உள்ளே போனால் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்" இருக்கும். கேனனில் கலர் இன்டென்சிட்டியை "மேனுவல்" ஆக்கி, "மேட்சிங்" பக்கத்தில் "நன்" என்று வைக்க வேண்டும். ஹெச்பியில் "அப்ளிகேஷன் மேனேஜ்டு கலர்ஸ்" என்று தேடுங்கள். மாடலுக்கு மாடல் வார்த்தை கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். மேக்கில் மென்பொருள் பொறுப்பேற்றுவிட்டால் "கலர் மேட்சிங்" பகுதி பெரும்பாலும் தானாகவே மங்கிப்போய்விடும். அது கோளாறு இல்லை, நல்ல அறிகுறி.

புரொஃபைல் இல்லாவிட்டால், அல்லது செல்போனிலிருந்து நேராக அச்சிட்டால், பிரின்டரிடம் விட்டுவிடுங்கள். மென்பொருளில் "பிரின்டர் மேனேஜஸ் கலர்ஸ்". படம் எஸ்ஆர்ஜிபியில் இருக்கட்டும், டிரைவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. படத்தைத் தானே அழகாக்கும் வசதிகளை மட்டும் அணைத்துவிடுங்கள். இந்த வழியை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரிஜினல் மையும் அந்நிறுவனத் தாளும் இருந்தால் குடும்பப் படங்களுக்கு இதுவே தாராளம்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்காதவர்கள் ஜிம்ப் வைத்தும் செய்யலாம். படத்தின் நகலை எடுத்து, "இமேஜ்" மெனுவில் கலர் மேனேஜ்மென்ட், அதற்குள் "கன்வர்ட் டு கலர் புரொஃபைல்" போய் பிரின்டர் புரொஃபைலுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்து அச்சிடுங்கள். மாற்றம் இங்கே கையாலேயே நடந்துவிட்டது. அசல் ஃபைல் மேல் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

வாடாமல்லியும் ஆனந்தா ப்ளூவும்

மென்பொருளில் புரொஃபைலுக்குக் கீழேயே "ரெண்டரிங் இன்டென்ட்" என்று நான்கு பெயர்கள் இருக்கும். பிரின்டரால் அச்சிட முடியாத நிறத்தை என்ன செய்வது என்ற கேள்வி அது.

அப்படி முடியாத நிறங்கள் நம் கல்யாணங்களில் ஏராளம். வாடாமல்லிப் பட்டு, ராணி பிங்க், ஆனந்தா ப்ளூ, மேடையில் எல்இடி விளக்கின் ஊதா எல்லாமே திரையில் ஜொலிக்கும். தாளும் மையும் எட்டும் எல்லைக்கு அவற்றில் பல வெளியே இருக்கின்றன.

"ரிலேடிவ் கலரிமெட்ரிக்" என்று வைத்தால் எல்லைக்குள் இருக்கும் நிறங்களைத் தொடாமல், வெளியே நிற்பவற்றை மட்டும் எல்லைக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும். தோல் நிறம் துல்லியமாக வரும். ஆனால் வாடாமல்லிப் புடவையின் ஐந்தாறு சாயல்களும் ஒரே கோட்டில் போய் நிற்பதால் மடிப்பெல்லாம் மறைந்து புடவை ஒரே பட்டையாகிவிடும். "பெர்செப்சுவல்" எல்லா நிறங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி உள்ளே கொண்டுவரும். நிறம் சற்று அடங்கும், மடிப்பு தப்பிக்கும். முகம் முக்கியமான படத்துக்கு முதலாவது, பட்டு முக்கியமான படத்துக்கு இரண்டாவது என்பது என் பழக்கம். படத்தின் கறுப்பைத் தாளால் காட்ட முடிந்த கறுப்போடு பொருத்தும் "பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்" டிக் இருக்கட்டும். மீதி இரண்டு இன்டென்ட்களும் போட்டோவுக்கு வேண்டாம். "அப்சல்யூட்" வைத்தால் படத்தின் வெள்ளைப் பகுதியில்கூட லேசாக மை தூவிவிடலாம்.

எது நடக்கப்போகிறது என்பதைத் தாளை வீணாக்காமல் பார்க்கத்தான் சாஃப்ட் புரூஃப். லைட்ரூமில் டெவலப் பகுதியில் எஸ் விசை. ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவின் "புரூஃப் செட்டப்", "கஸ்டம்" போய் தாளின் புரொஃபைலைக் கொடுத்துவிட்டால், பிறகு கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தினால் போதும். முதல்முறை பார்க்கும்போது படம் செத்துப்போனது போல இருக்கும். திரையின் பளபளப்புக்குப் பழகிய கண் அப்படித்தான் பதறும். பக்கத்தில் பழைய தோற்றத்தை வைத்து ஒப்பிடாமல், ஒரு நிமிடம் வேறெங்காவது பார்த்துவிட்டு வாருங்கள். எல்லை தாண்டிய இடங்களை மட்டும் குறித்துக் காட்டும் எச்சரிக்கையும் உண்டு. அந்தப் புடவையை மட்டும் தேர்ந்தெடுத்து நிறச் செறிவைச் சற்றுக் குறைத்தால் மடிப்புகள் திரும்பி வருவதைக் கண்முன்னே பார்க்கலாம்.

சோதனைத் தாள்

ஏ4 தாளில் நேரடியாக இறங்காதீர்கள். 4×6 தாள் ஒன்றில் ஒரு முகம், ஒரு பட்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான சாம்பல் பட்டை ஒன்று என்று சேர்த்து அச்சிடுங்கள். கண்ணை ஏமாற்றாதது அந்தச் சாம்பல் பட்டைதான்; முகத்தில் லேசான பச்சையைக் கவனிக்க மாட்டோம், சாம்பலில் பளிச்சென்று தெரியும். அதற்கு முன், மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாஸில் செக் ஒன்று ஓட்டிவிடுங்கள். ஒரு நிறம் வராத பிரின்டரில் புரொஃபைல் ஆராய்ச்சி செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் தொலைத்திருக்கிறேன்.

அச்சு வந்த சூட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். டை மை (சாய மை) காயக் காய நிறம் கொஞ்சம் மாறும். சில மணி நேரமாவது விடுங்கள், ஒரு நாள் விட்டால் நல்லது.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் உண்டு. புடவைக் கடையில் அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பதை எல்லாரும் கண்டிருப்போம். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் கூடவே வருவார். அதையே செய்யுங்கள். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எந்த அச்சும் மஞ்சளாகத்தான் தெரியும். அதே சமயம் படம் மாட்டப்போவது மஞ்சள் விளக்கு எரியும் ஹாலில்தான் என்றால், அங்கேயும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

படம் முழுக்க ரோஸ் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் இரட்டை மாற்றம்; டிரைவருக்குள் போய்ப் பாருங்கள். நிறமெல்லாம் சப்பென்று உயிரில்லாமல் இருந்தால், இரண்டு இடத்திலும் அணைத்துவிட்டீர்களா, அடோபி ஆர்ஜிபி படத்தைப் பிரின்டரிடம் விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். மை குளம் கட்டி ஒட்டினாலோ, கறுப்பு சாம்பலாக வெளிறினாலோ மீடியா டைப் தவறு. நிறம் சரி, இருட்டு மட்டும் என்றால் திரையின் வெளிச்சத்துக்குத் திரும்பிப் போங்கள். கோடு கோடாக வந்தால் அது நாஸில். புரொஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தாளின் பின்புறம் பென்சிலில் எழுதி வையுங்கள்.

சொந்தப் புரொஃபைல் வேண்டுமா

ஒரே மாற்று மையும் ஒரே தாளும் வைத்து நூற்றுக்கணக்கில் அச்சிடுபவர்களுக்கு வேண்டும். மற்றவர்கள் பொறுக்கலாம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் கொண்ட ஒரு பக்கத்தை, எந்த நிற மாற்றமும் இல்லாமல் அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, அச்சின் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளக்க வேண்டும். அனுப்பிய எண்ணுக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள கணக்குதான் உங்கள் புரொஃபைல். கணக்குப் போட ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கருவிதான் விலை. திரையை மட்டும் அளக்கும் கருவி இதற்கு உதவாது. இன்னொரு வில்லங்கம்: நிற மாற்றமே இல்லாமல் அச்சிடும் வசதியை ஃபோட்டோஷாப் சிஎஸ்5 முதல் எடுத்துவிட்டார்கள். கட்டப் பக்கத்தை அதில் அச்சிட முயலாமல், அடோபியே இதற்கென வெளியிட்ட கலர் பிரின்டர் யூட்டிலிட்டியையோ, கருவியோடு வரும் மென்பொருளையோ பயன்படுத்துங்கள்.

சரியான அமைப்பு ஒன்று கிடைத்தவுடன் டிரைவரிலும் மென்பொருளிலும் அதை ஒரு பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். டிரைவர் அப்டேட் ஆனால் சில சமயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், என் பிரின்டர் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டியிருக்கிறேன்: தாளின் பெயர், மீடியா டைப், தரம், புரொஃபைல், இன்டென்ட். கடைசி வரியில், தடித்த பேனாவில், "டிரைவரில் கலர் ஆஃப்".